அந்தக் காலத்திலும் கேட்டார்கள்

ஈரோட்டில் பெரியாரைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் அது அவர் வீட்டுக்குள் போய்த்தான் நிற்கும். வைக்கம், இட ஒதுக்கீடு, கடவுள் மறுப்பு எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் யாராவது ஒருவர், "எல்லாஞ் சரிங்க, அந்தக் கல்யாணம் ஒண்ணைத்தான் ஒத்துக்க முடியலீங்க" என்பார். எதிரில் இருப்பவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜமுங்க" என்பார். டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், கல்யாண மண்டபப் பந்தியிலும் கேட்கலாம்.

2025 பிப்ரவரி 5ஆம் தேதி ஈரோடு கிழக்குத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பெரியாரின் அண்ணன் வழிப் பேரன் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் 2024 டிசம்பரில் மறைந்ததால் வந்த தேர்தல் அது. அதற்கு முந்தைய வாரங்களில் பெரியாரின் சொல்லும் வாழ்க்கையும் மேடைக்கு வந்தன, தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்தன, வழக்குகள்கூடப் பதிவாயின. ஒரு தரப்பு இன்றைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு "இவரா தலைவர்?" என்று கேட்டது. மறு தரப்பு "காலத்தை வைத்துப் பாருங்கள்" என்றது.

எதிரும் புதிருமாக நிற்கும் இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. அன்றைய மனிதர்களுக்கு இதெல்லாம் தப்பாகவே பட்டிருக்காது என்று இருவருமே நம்புகிறார்கள். அதனாலேயே ஒருவர் அவர்களைக் கீழாகப் பார்க்கிறார். அதனாலேயே இன்னொருவர் மன்னித்துவிடுகிறார். பழைய இதழ்களையும் மாநாட்டுத் தீர்மானங்களையும் எடுத்துப் புரட்டினால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. அந்தக் காலத்திலும் கேட்டார்கள். சத்தமாகவே கேட்டார்கள். சில சமயம், தப்பு செய்தவரே முன்வந்து ஒத்துக்கொண்டார்.

நாகம்மையின் கணக்கு

1898ல் பெரியாருக்கு நாகம்மையைக் கட்டிவைத்தபோது அவருக்கு வயது பத்தொன்பது, நாகம்மைக்குப் பதின்மூன்று. இன்றைக்கு இது போக்சோ வழக்கு. அன்றைக்குச் சட்டப்படி குற்றமில்லை. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்கும் முன்னாலேயே பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண், பதினொரு வயதில் தனக்குக் கட்டிவைத்த கணவனோடு வாழ மாட்டேன் என்று நீதிமன்றத்தில் நின்றிருந்தார். 1880களின் நடுவில் நாடே பேசிய வழக்கு அது. ஆகவே பதின்மூன்று வயதுக் கல்யாணம் தவறு என்ற எண்ணம் நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று யாரும் மார்தட்ட வேண்டியதில்லை. அந்தக் கொடுமையை அனுபவித்த பெண்ணே அப்போதே சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கை இன்னும் சிக்கலானது. ஈரோட்டுப் பெரிய வணிகர் வெங்கட்ட நாயக்கரின் மகன் இளம் வயதில் மைனராகத் திரிந்தவர். நண்பர்களோடும் தாசிகளோடும் காவிரி மணலில் நிலாச் சாப்பாடு நடக்கும். அதற்கான சமையலை வீட்டில் செய்து அனுப்பியவர் நாகம்மை. கோயிலுக்குப் போகும் பழக்கத்தை மனைவி விட வேண்டும் என்பதற்காகத் தன் கூட்டாளிகளை விட்டுக் கோயிலில் அவரைச் சீண்டிப் பயமுறுத்த வைத்ததும், ஏதோ சாக்குச் சொல்லித் தாலியைக் கழற்ற வைத்ததும் நடந்திருக்கின்றன. இவற்றைப் பெரியாரின் எதிரிகள் தோண்டி எடுக்கவில்லை. சாமி சிதம்பரனார் எழுதி 1939ல், பெரியார் உயிரோடிருக்கும்போதே வெளிவந்த 'தமிழர் தலைவர்' என்ற வாழ்க்கை வரலாற்றில் உள்ளவை. தன் தலைவரைப் புகழ எழுதிய நூலில் இதையெல்லாம் மறைக்காமல் எழுதிய தொண்டரும், அதை அப்படியே விட்ட தலைவரும் இருந்தார்கள் என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

நாகம்மை அந்த வீட்டில் அடங்கிக் கிடந்தவராக மட்டும் கடைசிவரை இருக்கவில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்து ஐந்தே மாதத்தில் இறந்தது. அதன் பிறகு குழந்தை இல்லை. 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நாத்தனார் கண்ணம்மாளோடு தெருவில் இறங்கினார். 1924ல் வைக்கம் போராட்டத்துக்குப் போனார். ஈரோட்டு வீட்டுக்கு வந்துபோன நூற்றுக்கணக்கான இயக்கத் தோழர்களுக்கு இலை போட்டவர் அவர். தன் சொந்த நம்பிக்கைகளை எவ்வளவு விட்டுக்கொடுத்தார், எதை மனம் மாறி ஏற்றுக்கொண்டார் என்பதை அவர் எழுதி வைக்கவில்லை. வரலாறு அவர் கணவரின் வாயிலாகவே அவரைக் காட்டுகிறது.

1933 மே 11 அன்று நாகம்மை இறந்தார். மே 14ஆம் தேதி குடிஅரசு இதழில் பெரியார் இரங்கல் எழுதினார். மனைவியை இழந்தவர் எழுதும் வழக்கமான இரங்கல் அது இல்லை. பெண் விடுதலையைப் பற்றி ஊரெல்லாம் பேசிய அளவில் நூற்றில் ஒரு பங்கையாவது நாகம்மை விஷயத்தில் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்ற பொருளில் அதில் எழுதினார். தன் இயக்கத்தின் பத்திரிகையில், தன் பெயரில், மனைவி இறந்த மூன்றாம் நாள் வந்த இதழில்.

'ஊருக்குத்தான் உபதேசம்' என்று இன்று ஒருவர் பெரியாரைக் குற்றம்சாட்டினால், அந்தக் குற்றச்சாட்டைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அவரே பதிவு செய்துவிட்டார். ஒத்துக்கொண்டதால் செய்தது சரியாகிவிடாது. நாகம்மைக்கு அந்த ஒப்புதலால் எந்தப் பயனும் இல்லை. அதைப் படிக்க அவர் இல்லை. ஆனால் "அந்தக் காலத்தில் சகஜம்" என்று பெரியாருக்காக வாதாடுகிறவர்கள், பெரியாரே ஏற்காத ஒரு சமாதானத்தை அவருக்காகச் சொல்கிறார்கள்.

அதே மனிதர்தான் 1909ல், குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த தன் தங்கை மகளுக்குக் குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தவர். அவர் கூட்டிய செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், மணமுறிவு உரிமை வேண்டும், பதினாறு வயதுக்கு மேல்தான் கல்யாணம் என்றெல்லாம் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் இரண்டாவது மாநாடு ஈரோட்டிலேயே நடந்தது. பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கட்டியவர், பதினாறு வேண்டும் என்று சொல்லும் இயக்கத்தை நடத்தினார். இதில் முரண் இருக்கிறது. அதோடு, தான் வாழ்ந்த வாழ்க்கையைவிடத் தன் பேச்சு நியாயமானது என்று தெரிந்தே பேசிய ஒருவர் இருக்கிறார்.

1949: தீர்ப்பும் நாற்காலியும்

'அந்தக் கல்யாணம்' என்று எல்லோரும் சொல்வது 1949 ஜூலை 9ஆம் தேதி நடந்தது. பெரியாருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மணியம்மைக்கு இருபத்தொன்பது. நாற்பது வயது வித்தியாசம்.

காரணமாகப் பெரியார் தரப்பு சொன்னது வாரிசுப் பிரச்சினை. இயக்கத்தின் சொத்தைக் காப்பாற்ற நம்பிக்கையான ஒருவர் வேண்டும். அன்றைய இந்துச் சட்டப்படி பெண்ணைத் தத்தெடுக்க வழியில்லை. மகளைத் தத்தெடுக்கும் உரிமை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. சட்டப்படி வாரிசாக்க அவர் பிடித்த வழி கல்யாணம்.

இந்தக் காரணத்தை ஏற்காதவர்கள் அன்றே இருந்தார்கள். அதுவும் எதிர் முகாமில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அண்ணா 1937 முதல் சில ஆண்டுகள் ஈரோட்டில் தங்கி 'விடுதலை', 'குடிஅரசு' இதழ்களில் வேலை பார்த்தவர். பெரியாரின் அண்ணன் மகன் ஈ.வெ.கி. சம்பத்தோ சொந்த ரத்தம். பொருந்தாத் திருமணம் கூடாது என்று மேடை மேடையாகப் பேசிய இயக்கத்தின் தலைவரே இப்படிச் செய்யலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி. இன்றைய சமூக ஊடகத்தில் கேட்கிற கேள்வியில் இதைவிடக் கூர்மையானது எதுவும் இல்லை. பெரியார் அவர்களைக் 'கண்ணீர்த்துளிகள்' என்று ஒதுக்கினார். அவர்கள் வெளியேறி 1949 செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் பிறந்த நாளிலேயே, சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஒரு தலைவரின் சொந்த வாழ்க்கை முடிவுக்காகத் தமிழ்நாட்டின் மிகப்பெரிய அரசியல் பிளவு நடந்தது. பதவி, வாரிசு, தலைமை என்ற கணக்குகளும் அதில் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் வெளியே வைத்த வாதம் ஒழுக்கத்தைப் பற்றியது.

அதற்கப்புறம் அவர்கள் செய்தது இன்னும் முக்கியமானது. புதிய கட்சிக்கு அண்ணா தலைவராக வரவில்லை. பொதுச் செயலாளராக இருந்துகொண்டு, தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டார். பதினெட்டு ஆண்டுகள் இரு தரப்பும் மேடையில் மோதிக்கொண்டன. பெரியார் காமராசரை ஆதரித்தார். 1967ல் தேர்தலில் வென்றதும், பதவியேற்பதற்கு முன்பே அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். அதே ஆண்டு சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கொடுக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். புரோகிதர் இல்லாமல் நடந்த ஆயிரக்கணக்கான திருமணங்கள் அந்தச் சட்டத்தால்தான் சட்டத்தின் கண்ணில் திருமணங்களாயின.

1949ல் செய்தது தப்பு என்ற தன் தீர்ப்பை அண்ணா மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஒரு செயலைக் கண்டிப்பதும், அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் போராடிய காரியத்தைச் சட்டமாக்குவதும் ஒரே ஆளால் முடிந்தது. இன்று இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நாம் நினைக்கிறோம். ஈரோட்டில் பெரியாரின் வீடு இப்போது 'பெரியார் அண்ணா நினைவகம்' என்ற பெயரில் அரசு நினைவகமாக இருக்கிறது. குற்றம் சாட்டியவர் பெயரும் சாட்டப்பட்டவர் பெயரும் ஒரே வாசலில் இருக்கின்றன.

இந்த வழக்கில் யாரும் சாட்சிக்குக் கூப்பிடாதவர் ஒருவர் உண்டு: மணியம்மை. கல்யாணத்தைத் தாக்குகிறவர்கள் அவரை விவரம் தெரியாத சிறுமி போலப் பேசுகிறார்கள். ஆதரிக்கிறவர்கள் தொண்டு செய்ய வந்த தாதி போலப் பேசுகிறார்கள். இருபத்தொன்பது வயதில், இயக்கத்தில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு, தெரிந்தே எடுத்த முடிவு அது. ஊர் பேசிய அசிங்கமெல்லாம் அவர் காதிலும் விழுந்துதான் இருக்கும். திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக நடத்திய இல்லத்தில் பிள்ளைகளைத் தாயாக நின்று வளர்த்தார். அந்த இல்லத்தின் பெயர் நாகம்மையார் குழந்தைகள் இல்லம். 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தபின் திராவிடர் கழகத்துக்குத் தலைவரானார். 1974 டிசம்பர் 25ல் சென்னைப் பெரியார் திடலில், இராமலீலாவுக்கு எதிர்ப்பாக, இராவண லீலா நடத்தினார். 1978 மார்ச்சில் இறக்கும்வரை ஒரு நாத்திக இயக்கத்தை ஒரு பெண் தலைமையேற்று நடத்தினார். அவரைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் பார்க்கிறவர்கள் அவருடைய முப்பது ஆண்டு உழைப்பை அழித்துவிட்டுத்தான் அப்படிப் பார்க்க முடியும்.

மேம்பாலத்தின் பெயர்

கோயம்புத்தூருக்கு வந்தால் இன்னொரு உதாரணம். 2025 அக்டோபர் 9 அன்று அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டு அதற்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. கலங்கல் கிராமத்தில் பிறந்து, 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றைப் பேருந்து ஓட்டித் தொடங்கி, மோட்டாரும் சவரக் கருவியும் செய்தவருக்கு அவர் ஊர்ச் சாலையில் பெயர் வைப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. பெயரோடு ஒட்டியிருக்கும் சாதிப் பட்டம்தான் விவாதமானது. தெருக்களிலும் ஊர்களிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்க அரசு அப்போதுதான் உத்தரவு போட்டிருந்தது.

"அவர் வாழ்ந்த காலத்துல எல்லாருமே பட்டம் போட்டுக்கிட்டாங்க, இப்ப வந்து அதைத் தப்புன்னா எப்படிங்க?" என்று கேட்டவர்கள் பலர். எல்லோரும் போட்டுக்கொள்ளவில்லை. கோவையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி ஈரோட்டில், 1927 இறுதியில், ஈ.வெ. ராமசாமி நாயக்கர் என்று அச்சாகிக்கொண்டிருந்த பெயரிலிருந்து 'நாயக்கர்' எடுக்கப்பட்டது. செங்கல்பட்டு மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானமே போட்டது. நாயுடு தன் பட்டத்தை வைத்துக்கொண்டது அவருடைய தெரிவு. ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது, அந்தப் பெயரில்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்காக அவரைச் சாதி வெறியர் என்பது அநியாயம். ஆனால் புதிதாக ஒரு பாலத்துக்குப் பெயர் வைக்கிற முடிவு 1927ல் எடுத்ததும் இல்லை, நாயுடு எடுத்ததும் இல்லை. அது 2025ல் எடுத்த முடிவு. 2025ன் அளவுகோலை வைத்தே அதைக் கேட்கலாம். இறந்தவரை மதிப்பிடுவது ஒன்று, அவர் பெயரில் இன்று நாம் செய்வது இன்னொன்று. விவாதங்களில் இவை இரண்டும் குழம்பிப்போகின்றன.

அதே கோவையின் போத்தனூரில் 1934ல் காந்தி தங்கிய வீடு நினைவகமாக இருக்கிறது. காந்தியின் பிரம்மச்சரியச் சோதனைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இங்கும் அதே பதில்தான் வரும்: மகான்களை நம் அளவுகோலால் அளக்காதீர்கள். அவரோடு ஒரே கூரையின்கீழ் இருந்தவர்களே அளந்திருக்கிறார்கள். 1947 தொடக்கத்தில் நவகாளியில், பேத்தி முறையுள்ள இளம்பெண் மனுவைத் தன் படுக்கையில் படுக்க வைத்துத் தன் புலனடக்கத்தைச் சோதித்துக்கொண்டார் காந்தி. சுருக்கெழுத்தாளர் பரசுராம் இதை எதிர்த்து எழுதிவிட்டு வேலையை விட்டுப் போனார். செயலாளராக இருந்த மானுடவியலாளர் நிர்மல் குமார் போஸ், இந்தச் சோதனைகளில் ஈடுபடுத்தப்பட்ட பெண்களின் மனநிலையை யார் பார்ப்பது என்று கேட்டு விலகினார். பிறகு அதைப் புத்தகமாகவும் எழுதினார். காந்தியின் நெடுநாள் சகா தக்கர் பாபா நேரில் போய்ப் பேசினார். நவகாளியில் ஊர் ஊராக நடந்து கலவரத்தை அடக்கிய அதே கிழவரிடம்தான் இதையும் கேட்டார்கள். போஸ் கடைசிவரை காந்தியை ஆழமாகப் படித்தவர், மதித்தவர்.

திருச்செங்கோட்டுப் பாட்டிமார்

பெரிய மனிதர்களை விட்டுவிட்டுப் பெயரில்லாதவர்களிடம் வருவோம். முன்னோரின் ஒழுக்கத்தைப் பற்றிக் கொங்கு மண்ணில் நடந்த மிகப்பெரிய சண்டை ஒரு நாவலுக்காக நடந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் திருச்செங்கோட்டுப் பக்கம். காளி, பொன்னா என்ற விவசாயத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. அர்த்தநாரீஸ்வரர் கோயில் தேர்த் திருவிழாவின் கடைசி இரவில், குழந்தையில்லாத பெண் யாரோடும் சேரலாம், வந்தவரைச் சாமியாக நினைத்துக்கொள்வாள் என்ற ஒரு வழக்கத்தைச் சுற்றிக் கதை போகிறது. நாலு ஆண்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் புத்தகத்தை எரித்தார்கள், 2015 ஜனவரியில் கடையடைப்பு நடத்தினார்கள். நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான வழக்குகளைத் தள்ளி, அவரைத் திரும்ப எழுதச் சொன்னது.

அந்த வழக்கம் உண்மையா, எந்த அளவுக்கு இருந்தது என்பது வேறு ஆராய்ச்சி. நாவல் புனைவு. கவனிக்க வேண்டியது எதிர்ப்பின் உள்ளே இருந்த வாதம்: "எங்க பாட்டிமார் அப்படிப்பட்டவங்க இல்லீங்க." இன்றைய கற்பு அளவுகோலை நூறு ஆண்டு பின்னால் கொண்டுபோய் வைத்து, அதற்குப் பொருந்தாத பாட்டி இருந்திருக்கவே முடியாது என்று முடிவு கட்டினார்கள். பெரியார் விஷயத்தில் நடப்பதற்கு இது நேர் எதிர். அங்கே பழையவரைக் கூண்டில் ஏற்றுகிறோம். இங்கே பழையவர் கூண்டேறாதபடி அவருடைய வாழ்க்கையையே திருத்தி எழுதுகிறோம். இரண்டிலும் அன்றைய மனிதர் பேச வாய்ப்பில்லை.

பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. திருதராட்டிரனும் பாண்டுவும் வியாசருக்குப் பிறந்தவர்கள் என்பது விடிய விடியக் கூத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். வம்சம் தழைக்க அப்படி ஒரு ஏற்பாடு செய்த சத்தியவதியை யாரும் ஒழுக்கம் கெட்டவள் என்பதில்லை. இன்றைக்குக் கோவையிலும் ஈரோட்டிலும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகை இல்லாத சாலை குறைவு. கொடையாளரின் விந்தணுவில் பிள்ளை பெற 2021ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. பொன்னாவை 'மலடி' என்று விசேஷ வீட்டில் ஒதுக்கிவைத்த ஊர்தான் அந்தக் கதையில் உண்மையான குற்றவாளி. கொந்தளித்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் உறுத்தவில்லை. விசேஷ வீட்டில் குழந்தையில்லாத பெண்ணைத் தள்ளி நிற்க வைப்பது இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. முன்னோரின் மானத்துக்காகக் கடையடைத்த அதே ஆண்டு, 2015 ஜூன் 23ஆம் தேதி, அதே அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞரைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததுதான் அவர் செய்த 'குற்றம்'. 2022ல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 'இன்றைய அளவுகோல்' என்று நாம் பெருமையாகச் சொல்வதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1929ல் சாதி மறுப்புத் திருமணத்துக்கு ஆதரவாகப் பேசியவர்கள், 2015ல் அந்தக் கோயிலில் நின்றவர்களைவிட நவீனமானவர்கள். நவீனம் என்பது காலண்டரில் வருகிற விஷயமாக இருந்தால் இது நடந்திருக்க முடியாது.

எதை வைத்துக் கேட்பது

அப்படியானால் பழைய மனிதர்களின் சொந்த ஒழுக்கத்தைக் கேட்கலாமா? கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பெரியாரே அதைத்தான் செய்தார். இராமன் சீதையை நடத்தியதையும், சிலப்பதிகாரமும் குறளும் பெண்ணுக்குச் சொன்ன இடத்தையும் இருபதாம் நூற்றாண்டு அளவுகோலால் அளந்து, தயவு தாட்சண்யம் இல்லாமல் பேசினார். 1949 ஜனவரியில் குறளுக்கு மாநாடும் கூட்டினார், அதே குறளில் பெண்ணடிமை சொல்லும் இடங்களை ஏற்கமாட்டேன் என்றும் சொன்னார். ஆகவே அவரை மட்டும் அளக்கக் கூடாது என்பது அவருடைய வழிக்கே பொருந்தாது.

கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆதாரம். 1940களில் லட்சுமிகாந்தன் என்பவர் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி மஞ்சள் பத்திரிகை நடத்தினார். 1944 நவம்பரில் அவர் கொலையானார். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோவை ஸ்டுடியோ உலகின் பெரும்புள்ளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவரும் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் 1947ல்தான் வெளியே வந்தார்கள். பாகவதரின் சினிமா வாழ்க்கை பழையபடி எழவே இல்லை. அந்தப் பத்திரிகையில் வந்த கிசுகிசுவைச் சில பெரியவர்கள் இன்றும் நடந்த சம்பவம் போலவே சொல்கிறார்கள். எழுதியவர் பணத்துக்காக எழுதினார் என்பது மறந்துபோய்விட்டது.

அடுத்தது, யாருக்குப் பாதிப்பு. இருபது வயதில் ஒருவர் மணலில் உட்கார்ந்து குடித்தாரா இல்லையா என்பதைவிட, அந்த நேரத்தில் வீட்டில் அடுப்படியில் இருந்தவளுக்கு என்ன ஆனது என்பது பெரிய கேள்வி. மூன்றாவது, அவருடைய காலத்தில் அவரை யார் கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார். அண்ணா கேட்டார், சம்பத் கேட்டார், போஸ் கேட்டார், ருக்மாபாய் கேட்டார். அவர்களோடு சேர்ந்து நின்று கேட்கும்போது நம் கேள்விக்கு வேர் கிடைக்கிறது. காலம் தாண்டி வந்து நியாயம் பேசுகிறோம் என்ற குற்றச்சாட்டும் அப்போது ஒட்டாது.

இப்படிக் கேட்டால் கிடைக்கிற தீர்ப்பு இதுதான். நாகம்மையிடம் பெரியார் நடந்துகொண்ட விதம் அன்றும் தப்பு, இன்றும் தப்பு. அதை அவரே சொன்னார். 1949 கல்யாணத்தை ஏற்காதவர்களுக்கு வலுவான காரணம் இருந்தது. மணியம்மைக்கு அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இருந்தது. செங்கல்பட்டுத் தீர்மானங்கள் சரி, அவற்றால் பயனடைந்த பெண்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது.

ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த தேர்தலிலும் இந்தப் பேச்சு வரும். யார் பக்கம் நின்று பேசுவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் 1933 மே 14 குடிஅரசு இரங்கல் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படித்துவிடுங்கள். பெரியார் எழுத்துத் தொகுப்புகளில் இருக்கிறது. முடிந்தால் வீட்டிலுள்ள பெண்களோடு சேர்ந்து படியுங்கள். பெரியாரைப் பற்றி அதற்கப்புறம் எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, நாகம்மையை விட்டுவிட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம்.